யோசிக்க ஒரு அரை மணி நேரம்



நான் உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். வீட்டு வேலையோட, தாழ்வாரத்தில் ரெண்டு தையல் மெஷின் போட்டு நைட்டி தைச்சுக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேணும்னு கேட்டப்போ, "எனக்கு ராஜா கதையெல்லாம் தெரியாதுங்க அக்கா"ன்னு சொன்னேன். "ராஜா கதை எதுக்கு அம்மிணி, நம்ம தொழிலுக்கு ஆகற வரலாறா எழுது"ன்னு தலைவி அக்கா சொன்னாங்க. அதனால் எனக்குத் தெரிஞ்ச ஒரு வரலாற்றை எழுதுகிறேன். தொழில் செய்யறவங்க சும்மா உட்கார்ந்து யோசிக்க நேரம் எடுத்துக்கிட்ட வரலாறு அது. அதை நான் தேடிப் போனதுக்கு ஒரு காரணம் இருக்கு. முதலில் அதைச் சொல்லிடறேன்.

பூ தலைகீழான கதை

ரெண்டு வருஷம் முன்னாடி தீபாவளிக்கு ஒரு கடையிலிருந்து 60 நைட்டி ஆர்டர் வந்துச்சு. அதுவரைக்கும் எனக்கு வந்ததில் அதுதான் பெரிசு. காலையில 4 மணிக்கு எழுந்திரிப்பேன். சோறாக்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிட்டு மெஷினில் உட்கார்ந்தால், ராத்திரி 11 மணிக்குத்தான் எழுந்திரிப்பேன். நடுவில சாப்பிட்டது கூட மெஷின் மேலேயே வச்சுத்தான். இப்படிப் பன்னெண்டு நாள்.

துணி கட் பண்ணும்போது பூவோட தலை மேல் பக்கம் இருக்கணும். இது தையல் பழகற முதல் மாசத்திலேயே சொல்லிக் கொடுப்பாங்க. நான் எட்டு வருஷமா தைக்கிறவ. ஆனா அன்னிக்கு ராத்திரி 24 நைட்டிக்கு முதுகுப் பக்கத் துணியைத் தலைகீழா மடிச்சுக் கட் பண்ணிட்டேன். தைச்சு முடிச்சு, காஜா எடுத்து, பட்டன் கட்டி, அடுக்கியும் வச்சுட்டேன். கண்ணு பார்த்துக்கிட்டுத்தான் இருந்துச்சு, புத்திக்கு எட்டலை. காலையில என் பொண்ணு வந்து பார்த்துட்டு, "ஏம்மா, பூவெல்லாம் கீழ பார்க்குது?"ன்னு கேட்டப்போதான் தெரிஞ்சுது.

கடைக்காரர் அந்த 24ஐயும் வாங்க மாட்டேன்னு சொல்லிட்டார். அவர் மேல தப்பு சொல்ல முடியாது. துணிக் காசு மட்டும் நாலாயிரத்துச் சொச்சம் போச்சு. அது குழுவில் வாங்கின கடன். அன்னிக்கு நான் அழுததைவிட, அதுக்கப்புறம் எனக்குள்ள ஒரு கேள்வி வந்துச்சே, அதுதான் பெரிசு. கம்பெனிக்கு வேலைக்குப் போனப்போ சூப்பர்வைசர் திட்டுவார், டார்கெட் கேட்பார். இப்ப எனக்கு நானே முதலாளி. என்னைத் திட்ட ஆளில்லை. அப்புறம் ஏன் நான் கம்பெனியில உழைச்சதைவிட மோசமா, மூச்சு விடாம உழைச்சு, கடைசியில நஷ்டப்பட்டு நிக்கிறேன்?

நம்ம ரோட்டில் பஸ் ஓட்டினவர்

அந்தச் சமயத்தில் என் பொண்ணு பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டுரைப் போட்டி வச்சாங்க. தலைப்பு ஜி.டி. நாயுடு. அவளுக்காக நூலகத்தில் புத்தகம் எடுத்துட்டு வந்து, ராத்திரி அவ படிக்க, நான் கேட்டேன். பாதியிலேயே அவளைவிட எனக்குத்தான் ஆர்வம் ஜாஸ்தி ஆயிருச்சு.

ஜி.டி. நாயுடு 1893இல் கோயமுத்தூருக்குப் பக்கத்தில் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கலை, படிப்பைப் பாதியில் விட்டுட்டார். வாலிப வயசில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி வச்சிருந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடும் இல்லாம, குதிரையும் இல்லாம ஒரு வண்டி எப்படி ஓடுதுன்னு அவருக்கு ஒரே யோசனை. கோயமுத்தூருக்குப் போய் ஒரு ஓட்டலில் சப்ளையர் வேலையில் சேர்ந்தார். அங்கே சேர்த்து வச்ச காசில் அந்த மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார்.

வாங்கி என்ன செஞ்சார்னு நினைக்கிறீங்க? ஊர் சுத்தலை. அதை அக்கு அக்காப் பிரிச்சுப் போட்டார். ஒவ்வொரு பாகமும் எதுக்குன்னு பார்த்து, மறுபடியும் பூட்டினார். எச்சில் இலை எடுத்துச் சேர்த்த காசை ஒருத்தன் இப்படிப் பிரிச்சுத் தரையில் போட்டால் நம்ம ஊரில் என்ன சொல்லுவாங்க? "பிழைக்கத் தெரியாதவன்"னுதான் சொல்லுவாங்க. அந்த நேரத்தில் அதில் பத்து பைசா வரும்படி கிடையாது. ஆனால் அவர் மெக்கானிக் ஆனது அங்கேதான்.

அடுத்து அவர் செஞ்ச தொழில் நமக்கு இன்னும் பக்கம். முதல் உலகப்போர் சமயத்தில் திருப்பூரில் பருத்தி அரைக்கிற ஜின்னிங் தொழிலில் இறங்கி நல்ல காசு பார்த்தார். அந்தக் காசை எடுத்துட்டு பம்பாய்க்குப் போய்ப் பஞ்சு வியாபாரம் செஞ்சார். எல்லாம் போச்சு. வெறுங்கையோட திரும்பி வந்தார். இதைப் படிச்சப்போ என் 24 நைட்டி எனக்கு ரொம்பச் சின்னதாத் தெரிஞ்சுது.

அப்புறம் கோயமுத்தூரில் ஸ்டேன்ஸ் துரை உதவியோட ஒரு பஸ் வாங்கினார். 1920இல் அந்த பஸ்ஸை அவரே ஓட்டினார். எந்த ரூட் தெரியுங்களா? பொள்ளாச்சிக்கும் பழனிக்கும்! அந்த ரோடு நம்ம உடுமலை வழியாகத்தான் போகுது. அப்ப இந்தப் பக்கம் ரயில் கிடையாது. பொள்ளாச்சியிலிருந்து உடுமலை, பழனி வழியா திண்டுக்கல்லுக்கு ரயில் வந்தது 1928இல்தான். பழனிக்குப் போறவங்க நடந்தோ, மாட்டு வண்டியிலோ போன காலத்தில், ஜி.டி. நாயுடு அந்த ரோட்டில் ஸ்டியரிங் பிடிச்சுக்கிட்டுப் போயிருக்கார். நாம இன்னிக்கு பேங்குக்கும் சந்தைக்கும் போற அதே ரோடு. அன்னிக்குப் பிரிச்சுப் பார்த்த மோட்டார் சைக்கிள் இங்கேதான் கைகொடுத்துச்சு. வழியில வண்டி நின்னா இன்னொருத்தரைத் தேட வேண்டியதில்லை, அவருக்கே தெரியும்.

அந்த ஒரு பஸ் சில வருஷத்தில் யு.எம்.எஸ். என்கிற பெரிய பஸ் கம்பெனி ஆச்சு. நல்லபடியா நடக்கிற கம்பெனின்னு நாடு பூரா பேர் வாங்குச்சு.

முதலாளி நிக்காட்டியும் ஓடணும்

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டுச்சு. பஸ் பெருகினப்போ அவர் நினைச்சிருந்தால், ஆயுசு பூரா ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டே இருந்திருக்கலாம். "என்னை விட்டா யாரு பார்ப்பா"ன்னு டிப்போவிலேயே கிடந்திருக்கலாம். ஆனால் அவர் வெளிநாடு போனார், தொழிற்சாலைகளைச் சுத்திப் பார்த்தார். கையில் கேமரா வச்சுக்கிட்டு அலைஞ்சார். 1936இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரோட இறுதி ஊர்வலத்தைப் படம் எடுத்திருக்கார். பஸ் முதலாளிக்கும் ராஜாவோட ஊர்வலத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒண்ணும் இல்லை. அவர் இங்கே நிக்காட்டியும் பஸ் ஓடுச்சு, அதனால அவருக்கு வேடிக்கை பார்க்க நேரம் இருந்துச்சு.

அந்த நேரத்திலிருந்து என்னென்ன வந்துச்சுன்னு பாருங்க. பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் வச்ச சவர ரேசர். ரொம்ப மெல்லிசான பிளேடு. பழச்சாறு பிழியற கருவி. மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி. ஓட்டுப் பதிவில் மோசடி செய்ய முடியாத இயந்திரம். 1937இல் பீளமேட்டில் இருந்த அவருடைய தொழிற்சாலையிலிருந்து, பாலசுந்தரம் நாயுடு என்பவரோட சேர்ந்து, இந்தியாவிலேயே செய்த முதல் மின் மோட்டார் வெளிவந்துச்சு. இன்னிக்குக் கோயமுத்தூர் மோட்டாருக்கும் பம்ப் செட்டுக்கும் பேர் போன ஊர். நம்ம தோட்டங்களில் கிணத்துத் தண்ணி மோட்டாரில் ஏறும்போதெல்லாம் எனக்கு அந்த 1937 ஞாபகம் வரும்.

யோசிச்சதெல்லாம் காசாச்சுன்னு நினைச்சுடாதீங்க. 1952இல் ரெண்டு பேர் உட்காரும் சின்ன பெட்ரோல் கார் ஒண்ணு செஞ்சார். விலை 2,000 ரூபாய்தான். ஆனால் அதைத் தொடர்ந்து தயாரிக்க அரசாங்கத்திடமிருந்து லைசென்ஸ் கிடைக்கலை. அதோட நின்னு போச்சு. யோசனை பத்து வந்தால் ரெண்டு நிக்கும், அவ்வளவுதான்.

1944இல் மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து ஒதுங்கிக்கிட்டார். அடுத்த வருஷமே கோயமுத்தூரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கக் காரணமா இருந்தார். பள்ளிப் படிப்பை முடிக்காதவர் பொறியியல் கல்லூரிக்கு முதல்வரா உட்கார்ந்தார்! நாலு வருஷப் படிப்பு நேரத்தை வீணாக்குது, ரெண்டு வருஷம் போதும்னு சொன்னார். அரசாங்கம் ஒத்துக்கலை. அவரும் விலகிட்டார். எனக்கு இதில் சிரிப்புதான் வந்துச்சு. மாணவர்களோட ரெண்டு வருஷத்தை வீண்னு சொன்ன இதே மனுஷன்தான், ஓட்டல் வேலையில் சேர்த்த காசை ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரிச்சுப் பார்க்கச் செலவழிச்சார். எது வீண், எது வீண் இல்லைன்னு அவருக்கு ஒரு கணக்கு இருந்திருக்கு. 1974 ஜனவரி 4ஆம் தேதி அவர் காலமானார். கோயமுத்தூர் அவினாசி ரோட்டில் அவர் பேரில் இருக்கிற அருங்காட்சியகங்களுக்குப் போனால், பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போங்க.

தொழிலாளிக்குச் சட்டம் இருக்கு, நமக்கு?

படிச்சு முடிச்சதும் என் வீட்டுக்காரர்கிட்ட இதைச் சொன்னேன். "அவரு பெரிய முதலாளி, அவருக்கு நேரம் இருக்கும். நமக்கு ஆகுமா?"ன்னு கேட்டார். நியாயமான கேள்விதான். அதனால் ஏழைகளுக்கு ஓய்வு நேரம் எப்படி வந்துச்சுன்னும் தேடிப் படிச்சேன்.

அந்த நேரம் தானா வரலை. பம்பாய் மில் தொழிலாளிகளுக்கு வாரம் ஏழு நாளும் வேலை. நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் வருஷக்கணக்காப் போராடி, 1890இல் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை வாங்கிக் கொடுத்தார். அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் 1886ஆம் வருஷம் மே மாசம் தொழிலாளிகள் எட்டு மணி நேர வேலை கேட்டு நின்னாங்க, உயிரும் கொடுத்தாங்க. எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் தூக்கம், மிச்சம் எட்டு மணி நேரம் எங்க விருப்பத்துக்கு என்பதுதான் அவங்க கேட்ட கணக்கு. அந்த மே நாளை நம்ம நாட்டிலேயே முதல்முறையா 1923இல் சென்னைக் கடற்கரையில் கொண்டாடியவர் சிங்காரவேலர்.

சுதந்திரம் வந்த பிறகு 1948இல் தொழிற்சாலைச் சட்டம் போட்டாங்க. வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரம் ஒரு நாள் லீவு விடணும்னு எழுதினாங்க. அதில் இன்னொண்ணும் இருந்துச்சு. ஒரு தொழிலாளியைத் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் குறைஞ்சது அரை மணி நேரம் இடைவேளை விடணும்.

இதைப் படிச்சப்போ என் கை அப்படியே நின்னு போச்சு. நம்மில் எத்தனையோ பேர் காலையில கம்பெனி பஸ் ஏறித் திருப்பூருக்குப் போய், ஒன்றரை ஷிப்ட் பார்த்துட்டு ராத்திரி வந்து இறங்கினவங்கதான். நானும் கல்யாணத்துக்கு முன்னாடி செக்கிங்கில் இருந்தவதான். சட்டத்தில் இருக்கிறதெல்லாம் கிடைச்சுதான்னு உங்களுக்கே தெரியும். ஆனாலும் சாப்பாட்டு மணி அடிச்சா எழுந்திரிச்சோம். டீ வந்தா மெஷின் நின்னுச்சு. பக்கத்தில் இருக்கிறவகிட்ட ரெண்டு வார்த்தை பேசினோம்.

இப்ப என் தாழ்வாரத்தில் மணி அடிக்க யாரும் இல்லை. அந்தச் சட்டம் கரண்ட்டில் ஓடும் இடம்னா 10 பேர் வேலை செய்யற தொழிற்சாலைக்குத்தான் இருந்துச்சு. ரெண்டு மெஷின் போட்ட எனக்கு எந்த ஆபீசரும் வந்து "5 மணி நேரம் ஆச்சு, எழுந்திரும்மா"ன்னு சொல்ல மாட்டார். முதலாளியும் நான், தொழிலாளியும் நான். தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டிய அரை மணி நேரத்தை முதலாளி நான்தான் தின்னிருக்கேன்.

யோசனைக்கு யார் விலை கொடுக்கறது?

நம்ம குழுக்களுக்கு நல்லாத் தெரிஞ்ச இன்னொருத்தர் கதையையும் சொல்லணும். கோயமுத்தூர் அருணாச்சலம் முருகானந்தம். கைத்தறி நெசவாளி மகன். அப்பா இறந்ததால் சின்ன வயசிலேயே படிப்பை விட்டுட்டு, வெல்டிங் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். 1998இல் கல்யாணம் ஆச்சு. வீட்டம்மா மாதவிலக்குக்குப் பழைய துணியை ஒளிச்சு வச்சுப் பயன்படுத்தறதைப் பார்த்தார். நாப்கின் வாங்கினால் வீட்டுப் பால் செலவுக்குக் காசு இருக்காதுன்னு அவங்க சொன்னாங்க. எல்லா வீட்டிலும் நடக்கறதுதான். எல்லாரும் பார்த்தும் பார்க்காத மாதிரி போன விஷயத்தை அவர் நின்னு யோசிச்சார்.

பஞ்சு வச்சுச் செஞ்சு பார்த்தார், சரி வரலை. கம்பெனி நாப்கினைப் பிரிச்சுப் பார்த்தார். ஜி.டி. நாயுடு மோட்டார் சைக்கிளைப் பிரிச்ச மாதிரிதான். உள்ளே இருக்கிறது சாதாரணப் பஞ்சு இல்லை, மரத்திலிருந்து எடுக்கிற செல்லுலோஸ்னு கண்டுபிடிக்கவே ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆச்சு. வெளிநாட்டு மெஷின் கோடிக்கணக்கில் விலை. இவர் கிராமத்துப் பெண்களே ஓட்டற மாதிரி சின்ன மெஷின் செஞ்சார். பெரிய கம்பெனிக்கு விற்காம, சுய உதவிக் குழுக்களுக்குக் கொடுத்தார். 2009இல் குடியரசுத் தலைவர் கையால் விருது வாங்கினார். 2016இல் பத்மஸ்ரீ பட்டம் கிடைச்சுது. "பேட் மேன்" சினிமா அவர் கதையை வச்சுத்தான் வந்துச்சு.

ஆனால் அந்த வருஷங்களில் அவர் குடும்பம் பட்ட பாட்டையும் மறைக்காமல் சொல்லணும். ஊர்க்காரங்க அவரைப் பைத்தியம்னு சொன்னாங்க. பேய் பிடிச்சிருக்குன்னு கூடச் சொன்னாங்க. மனைவி பிரிஞ்சு போனாங்க. அம்மாவும் போயிட்டாங்க. வருஷங்கள் கழிச்சுத்தான் மனைவி திரும்பி வந்தாங்க. இதையெல்லாம் அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கார்.

இதைப் படிச்சுட்டு நான் ரொம்ப நேரம் நினைச்சுப் பார்த்தேன். ஒரு ஆம்பளை யோசிக்கப் போனால் ஊர் சிரிச்சாலும் அவர் போயிடலாம். சோறும் துணியும் யாராவது பார்த்துக்குவாங்க, இல்லாட்டி ஓட்டலில் சாப்பிட்டுக்குவார். ஒரு பொம்பளை நாலு நாள் யோசிக்கப் போனால் அடுப்பு எரியாது. அரை மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்தாலே, "சும்மா உக்காந்திருக்கா பாரு"ன்னு பேர் வந்துடும். அப்ப நமக்கு அந்த நேரம் எங்கிருந்துதான் வரும்?

எங்கம்மா உட்கார்ந்த பாய்

இதுக்குப் பதில் நம்ம வரலாற்றிலேயே இருக்குங்க. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தை 1983இல் ஆரம்பிச்சாங்க. 1989இல் ஐ.நா.வைச் சேர்ந்த பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோட தர்மபுரி மாவட்டத்தில் முதல் சுய உதவிக் குழுக்கள் உருவாச்சு. 1992இல் நபார்டு வங்கி குழுக்களை பேங்கோட இணைக்கிற திட்டத்தை 500 குழுக்களை வச்சு சோதனையாத் தொடங்குச்சு. 1997-98இல் மகளிர் திட்டம் வந்து, மற்ற மாவட்டங்களுக்கும் பரவுச்சு.

அதுக்கப்புறம் ரெண்டு மூணு வருஷத்தில் எங்கம்மா குழுவில் சேர்ந்தாங்க. நான் சின்னப் பொண்ணு. மாரியம்மன் கோயில் முன்னாடி பாய் விரிச்சு, வாரத்துக்கு ஒரு நாள் பொழுதோட கூட்டம் நடக்கும். எங்கம்மா காட்டு வேலைக்குப் போறவங்க. அவங்க குனிஞ்சு களை எடுத்துப் பார்த்திருக்கேன், நின்னு சோறாக்கிப் பார்த்திருக்கேன், நடந்து தண்ணி சுமந்து பார்த்திருக்கேன். கையில எந்த வேலையும் இல்லாம சும்மா உட்கார்ந்து, நாலு பேர் பேசறதைக் கேட்டு, தானும் பேசினதை அந்தப் பாயில்தான் முதல்முதலாப் பார்த்தேன். "கூட்டம்னு சொல்லிட்டு வெட்டிக் கதை பேசறாளுக"ன்னு எங்கப்பா திட்டுவார். எங்கம்மா காதில் போட்டுக்காமப் போவாங்க. அந்தப் பேச்சிலிருந்துதான் ஒரு நாள் எருமை வாங்கற யோசனை வந்துச்சு. அந்தப் பால் காசில்தான் நான் பத்தாவது வரைக்கும் படிச்சேன்.

நம்ம குழுவுக்கு பஞ்ச சூத்திரம்னு அஞ்சு சொல்லித் தர்றாங்க இல்லையா? தவறாமல் கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்குப் புத்தகம். அதில் முதல்ல வர்றது கூட்டம்தான், காசு அடுத்துதான். உட்கார்ந்து பேசறதுக்கு எங்கம்மாவுக்கு இருந்த ஒரே காரணம் அந்தக் கூட்டம்தான். "பேங்க் சட்டம், போகலைன்னா லோன் வராது"ன்னு சொல்லி வீட்டிலிருந்து வெளியே வந்தாங்க. லோனுக்காக உட்கார்ந்த பாயில் யோசனையும் சேர்ந்து வந்துச்சு.

ஆனால் இன்னிக்கு நம்ம கூட்டங்களைப் பாருங்க. வந்தவுடனே கையெழுத்து, காசு, "சீரியல் போட்டுடுவான்"னு பத்து நிமிஷத்தில் எழுந்திரிச்சுடறோம். சில சமயம் நோட்டு மட்டும் வீடு வீடாப் போயிட்டு வருது. நானும் அப்படித்தான் கையெழுத்துப் போட்டு அனுப்பினவ. மத்தவங்களைச் சொல்லலை.

ரெண்டு மணியிலிருந்து ரெண்டரை வரைக்கும்

இப்ப என் கதையை முடிச்சுடறேன்.

நான் சட்டத்தில் படிச்ச அந்த அரை மணி நேரத்தை எனக்கு நானே கொடுக்கறதுன்னு முடிவு பண்ணினேன். மத்தியானம் 2 மணிக்கு மெஷின் சுவிட்சை அணைச்சுடுவேன். போனை உள்ளே வச்சுடுவேன். ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் எடுத்துட்டுத் திண்ணையில் உட்காருவேன். கணக்கு எழுத மாட்டேன், காய் அரிய மாட்டேன். 2.30க்கு எழுந்திரிச்சுடுவேன்.

முதல் ரெண்டு வாரம் ஒண்ணுமே தோணலை. பக்கம் பூரா பாக்கிக் கணக்குதான் மனசுக்குள்ள ஓடுச்சு. சில நாள் தூங்கிட்டேன். அத்தை வேற, "நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க? ஆர்டர் இல்லைபோல இருக்குன்னு பேசுவாங்க"ன்னாங்க. அதுக்கு நான் சண்டை போடலை. "அத்தை, 24 நைட்டி வீணானது தூக்கம் கெட்டுத்தானுங்க. அரை மணி நேரம் உட்கார்ந்தா அந்த நாலாயிரம் மிச்சம்"னேன். காசுக் கணக்குச் சொன்னதும் அவங்களுக்குப் புரிஞ்சுது. இப்ப அந்த நேரத்தில் யாராவது கூப்பிட்டா, "அவ யோசிச்சுக்கிட்டு இருக்கா, அப்புறம் வா"ன்னு அவங்களே சொல்றாங்க.

அந்தத் தலைகீழ் நைட்டிகளைப் பாதி விலைக்கு நம்ம குழு அக்காக்களே வாங்கிக்கிட்டாங்க. அந்த நன்றியை மறக்க மாட்டேன். ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்திருந்தப்போ, அதைப் போட்டுக்கிட்டு ஒரு அக்கா பைப்படிக்கு வந்தாங்க. குனிஞ்சு குடத்தைத் தூக்கினப்போ, பாக்கெட்டில் இருந்த போன் நழுவித் தண்ணியில் விழுந்துடுச்சு. பாவம், புதுப் போன். அவங்க பதறி எடுத்துத் துடைச்சாங்க. எட்டு வருஷமா நான் வைக்கிற பாக்கெட் அது. நாலு விரல் ஆழம்தான் வைப்பேன், எல்லாரும் அப்படித்தான் வைக்கறாங்க. அந்தக் காலத்துச் சில்லறைக்குச் சரி. இன்னிக்குப் பொம்பளைங்க பாக்கெட்டில் வைக்கிறது போன். இது ஏன் எனக்கு இத்தனை வருஷமாத் தோணலை? நான் தலை நிமிர்ந்து ரோட்டைப் பார்த்தால்தானே தோணும்!

அன்னிக்கே நோட்டில் வரைஞ்சேன். ஒரு சாண் ஆழம், வாய் கொஞ்சம் சாய்வு, மேலே ஒரு பட்டன். குனிஞ்சாலும் விழாது. முதல்ல நம்ம குழுவுக்கு மட்டும் பத்து தைச்சேன். பத்தும் போச்சு. அப்புறம் தலைகீழ் நைட்டியைத் திருப்பி அனுப்பின அதே கடைக்காரர், "அந்த போன் பாக்கெட் வச்சது இருக்குதாம்மா?"ன்னு கேட்டார். ஒண்ணுக்கு 15 ரூபாய் சேர்த்துத் தர்றார். நான் கோடீஸ்வரி ஆயிடலை. பழைய கடன் அடைஞ்சுது. இப்ப ராத்திரி 9 மணிக்கு மேல் மெஷினில் உட்காரறதில்லை. கட்டிங்கைக் காலையில் மட்டும்தான் செய்யறேன். அதுக்கப்புறம் ஒரு பூ கூடத் தலைகீழாகலை.

நோட்டில் இன்னும் பதினாலு யோசனை எழுதியிருக்கேன். அதில் மூணு தப்புன்னு செஞ்சு பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன். ஜி.டி. நாயுடுவோட காரே நின்னு போச்சு, என்னோடது நின்னா என்ன!

எங்க குழுவில் இப்ப ஒரு வழக்கம் வச்சிருக்கோம். கூட்டத்தில் கணக்கு முடிஞ்சதும் நோட்டை மூடிட்டு கால் மணி நேரம் உட்காருவோம். அந்த வாரத்தில் கண்ணில் பட்டது ஒண்ணை ஒவ்வொருத்தரும் சொல்லணும். தொழிலைப் பத்தித்தான் இருக்கணும்னு இல்லை. மசாலாப் பொடி அரைக்கிற அக்கா, மாடு வச்சிருக்கிற அக்கா, தேங்காய் நார்க் கயிறு திரிக்கிற தங்கச்சி, எல்லாரும் சொல்றாங்க. சில வாரம் சிரிப்போடயே முடிஞ்சு போகும். அதுவும் நல்லதுதான்.

உங்க குழுவிலும் செஞ்சு பாருங்க. வீட்டில் அரை மணி நேரம் கேட்டால் கிடைக்காதுன்னா, கூட்டம்னு சொல்லிட்டு வாங்க. எங்கம்மா அப்படித்தான் வந்தாங்க. பாய் நாங்க விரிச்சு வைக்கிறோம்.